ஜெட் ஸ்கி ஓட்டப் போகிறீர்களா? வயதிலிருந்து தொடங்குவோம்

ஜெட் ஸ்கியைப் பார்த்தால் தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர் மாதிரிதான் இருக்கும். ஹேண்டில்பார், சீட், ஸ்டார்ட் பொத்தான், அவ்வளவுதான். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் புதிதாக ஓட்டுபவர்கள் ஏமாறுகிறார்கள். சாலையில் பழகிய கை இங்கே நேர்மாறான வேலையைச் செய்துவிடும். அது ஏன் என்பது மூன்றாவது படியில் வருகிறது. அவசரமாகப் படிப்பவர்கள் அதையாவது நிதானமாகப் படியுங்கள்.

படி 1: வயதும் சான்றிதழும்

வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். கனடாவில் 16 வயது நிரம்பாதவர் ஓட்டவே கூடாது, பின்னால் அப்பாவே உட்கார்ந்திருந்தாலும் சரி. கலிபோர்னியாவிலும் 16தான். ஆனால் 18 வயது நிரம்பிய ஒருவர் கூடவே இருந்து கவனித்தால் 12 முதல் 15 வயது வரை உள்ளவர்களும் ஓட்டலாம். புளோரிடாவில் ஓட்டுவதற்கு 14, வாடகைக்கு எடுப்பதற்கு 18. அதாவது 15 வயதுப் பையன் வீட்டு வண்டியை ஓட்டலாம், தானாகப் போய் வாடகைக்கு எடுக்க முடியாது. 14 நிரம்பாத பிள்ளையிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்தால் அங்கே உரிமையாளர்மீதும் குற்றம்.

வயது மட்டும் போதாது. புளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் படகுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த அட்டை வேண்டும். நீங்கள் ஓட்டப்போகும் இடத்தின் விதியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். போன விடுமுறையில் வேறொரு ஊரில் அனுமதித்தார்கள் என்பது இங்கே செல்லாது.

படி 2: உடம்பில் மாட்ட வேண்டியவை

லைஃப் ஜாக்கெட் வண்டியில் இருந்தால் போதாது, போட்டிருக்க வேண்டும். விழுந்த பிறகு காற்று நிரம்பி உப்பும் ரகத்தை ஜெட் ஸ்கிக்குப் புளோரிடா ஏற்பதில்லை. வேகத்தில் விழும்போது, முதல் நொடியிலிருந்தே மிதக்க வைக்கும் ஜாக்கெட்தான் உதவும்.

அடுத்தது பலர் சொல்லக் கூச்சப்படும் விஷயம். பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் பயங்கர அழுத்தத்துடன் பீய்ச்சி அடிக்கும். பின் சீட்டிலிருந்து அதன்மேல் விழுந்தால் ஆசனவாய், பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து குடலையே கிழிக்கலாம். சாதாரண நீச்சல் உடை இதைத் தடுக்காது. தடிமனான வெட்சூட் (நீர் விளையாட்டுக்கான ரப்பர் உடை) கால்சட்டை அணியுங்கள், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து.

அப்புறம் கில் ஸ்விட்ச் கயிறு. ஒரு முனை வண்டியில், மறுமுனை உங்கள் மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ. நீங்கள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும்.

படி 3: த்ராட்டிலை (வேகம் கூட்டும் விசையை) விட்டால் வண்டி திரும்பாது

ஜெட் ஸ்கிக்குச் சுக்கான் கிடையாது. அடியில் உறிஞ்சும் தண்ணீரை இம்பெல்லர் என்ற சுழலி பின்பக்கமாகத் தள்ளுகிறது. ஹேண்டில்பாரைத் திருப்பினால் அந்தத் தண்ணீர் வெளியேறும் முனைதான் திரும்பும். தண்ணீர் பீய்ச்சினால்தான் வண்டி திரும்பும்.

இப்போது எதிரில் திடீரென ஒரு படகு. பதற்றத்தில் த்ராட்டிலை விட்டுவிட்டு ஹேண்டிலை ஒடிக்கிறீர்கள். சாலையில் அது சரிதான். இங்கே வண்டி நீங்கள் திருப்பியதையே கண்டுகொள்ளாமல் நேராகப் படகை நோக்கிச் சறுக்கும். வயது வரம்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த ஒரு நொடிதான். பயத்திலும் விரலை முழுதாக விடாமல், கொஞ்சம் த்ராட்டில் கொடுத்தபடியே திருப்பப் பக்குவம் வேண்டும். பெரியவர்களுக்கே அது தானாக வருவதில்லை.

அதனால் முதல் அரை மணி நேரம் ஆளில்லாத, ஆழமான இடத்தில் இதை மட்டும் பழகுங்கள். மெதுவாகப் போய்க்கொண்டே த்ராட்டிலை விட்டுவிட்டுத் திருப்பிப் பாருங்கள். பிறகு அதே வேகத்தில் லேசாக த்ராட்டில் கொடுத்துத் திருப்புங்கள். வித்தியாசம் உடனே புரியும். புதிய வண்டிகள் சிலவற்றில் பிரேக் இருக்கிறது. ஆனால் வாடகைக்குக் கிடைப்பது எந்த ரகம் என்று யாருக்குத் தெரியும்?

படி 4: தண்ணீரிலும் சாலை விதி உண்டு

எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வந்தால், உங்கள் வலப்பக்கம் வரும் மோட்டார் படகுக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். முந்துபவர் விலகிப் போக வேண்டும். திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். படகின் வாலைப் பிடித்துக்கொண்டு போய் அலையில் குதிப்பது வீடியோவில் நன்றாக இருக்கும். படகு மறைப்பதால் எதிரில் வருபவர் தெரியமாட்டார் என்பதுதான் சிக்கல்.

கலிபோர்னியாவில் சூரியன் மறைந்தால் ஓட்டக்கூடாது, புளோரிடாவில் மறைந்து அரை மணி நேரம் வரைதான் அனுமதி. குடித்துவிட்டு ஓட்டாதீர்கள், இதற்கு விளக்கம் தேவையில்லை. பிரிட்டனில் 2023 மார்ச் 31 முதல், ஆபத்தாக ஓட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை.

படி 5: விழுந்தால்

விழுவீர்கள், அதில் வெட்கமில்லை. வண்டி கவிழ்ந்திருந்தால் எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று பின்பகுதியில் ஸ்டிக்கர் இருக்கும். தப்பான பக்கம் புரட்டினால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விடும். இன்ஜின் நின்றிருக்கும்போது மட்டும் பின்பக்கமாக ஏறுங்கள்.

பெட்ரோலை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மீதி கையிருப்பு. அப்படியும் நடுவில் நின்றுவிட்டால் கரை பக்கத்தில்தானே என்று நீந்தக் கிளம்பாதீர்கள். வண்டி மிதக்கும், தேடி வருபவர்களின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். அதைப் பிடித்துக்கொண்டே இருங்கள்.