குடும்ப ரகசியம் வச்ச த்ரில்லர படிச்சிட்டு நாலு பேரோட எப்படி பேசுறது

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சேலம் அஸ்தம்பட்டில ஒரு வீட்டு மாடில நாங்க எட்டு ஒம்போது பேரு உக்காந்து நாவல் பேசுவோம். சீசன்ல மாம்பழம், மத்த நாள்ல தெருமுனைல இருந்து தட்டுவடை செட்டு, நொறுக்கல். சரித்திர நாவல், கிராமத்து நாவல் எல்லாம் பேசுனப்ப ஒரு சிக்கலும் வந்ததில்ல. ஒரு குடும்பம், அதுக்குள்ள புதைச்சு வச்ச ஒரு விஷயம், சின்ன வயசுல பட்ட அடி நாப்பது வயசுல வெளிய வர்றது, இந்த மாதிரி சைக்காலஜிகல் த்ரில்லர எடுத்தப்ப தான் எங்களுக்கு பேசவே தெரியலன்னு புரிஞ்சுது. ஒருத்தர் செம ட்விஸ்ட்டுங்கறாங்க, இன்னொருத்தர் எனக்கு 50வது பக்கத்துலயே தெரிஞ்சு போச்சுங்கறாங்க, மூணாவது ஆளு தலைய குனிஞ்சுட்டு உக்காந்திருக்காங்க, அரை மணி நேரத்துல கூட்டம் கலைஞ்சிருது. தப்பு பண்ணி பண்ணி நாங்க கத்துக்கிட்டத எழுதுறேன், உங்க ஊர்லயும் இப்படி ஒரு கூட்டம் இருந்தா உதவும்.

நான் உதாரணம் சொல்ற நாவலோட பேர சொல்ல போறதில்ல, சொன்னா முடிவு உடைஞ்சிரும், இனிமே படிக்கப்போறவங்களுக்கு அது அநியாயம். கதை இவ்ளோ தான்: அம்மா செத்த பிறகு வீட்ட காலி பண்ண வர்ற மகள், பீரோவுல தனக்கு சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன பொண்ணோட கவுன பாக்குறா, அது யாரோடதுன்னு கேட்டா சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரி பதில் சொல்றாங்க.

முதல்ல சீட்டு. இத மட்டுமாவது செஞ்சு பாருங்க. புத்தகத்துல மூணுல ஒரு பங்கு படிச்சதும் மூடி வச்சிட்டு, யார் மேல சந்தேகம், ஏன், எந்த பக்கத்துல வந்துச்சுன்னு ஒரு சீட்டுல எழுதி பேரு போட்டு மடிச்சு குடுத்துரணும். நாங்க ஒரு காலி பிஸ்கட் டப்பால போட்டு வைப்போம், எல்லாரும் முடிச்ச பிறகு தான் திறப்போம். முதல் தடவ திறந்தப்ப, எனக்கு அப்பவே தெரியும்னு சொன்ன நாலு பேரோட சீட்டுலயும் சித்தப்பான்னு எழுதிருந்துச்சு. சித்தப்பா பாவம், ஒண்ணுமே பண்ணல. அந்த நாலு பேரும் பொய் சொன்னாங்கன்னு நான் சொல்ல வரல, முடிவு தெரிஞ்ச நிமிஷமே நம்ம மூளை பழைய சந்தேகத்த எல்லாம் துடைச்சிட்டு புதுசா ஒண்ண எழுதி வச்சிருது, பாருக் ஃபிஷாஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1975லயே இத சோதன பண்ணி எழுதிருக்காரு.

அதோட நிறுத்திராதீங்க, ஏன் எல்லாருக்கும் சித்தப்பா மேல சந்தேகம் வந்துச்சுன்னு கேளுங்க. நாங்க கேட்டப்ப தான் தெரிஞ்சுது, அவரு கல்யாணம் பண்ணாதவரு, குடிப்பாரு, மாடில தனியா இருப்பாரு, அவ்ளோ தான் காரணம். எழுத்தாளர் எங்கயுமே அவர தப்பா காட்டல, நாங்களே தான் காட்டிக்கிட்டோம். அதே நேரம் பூஜை பண்ணிட்டு, ஊருக்கெல்லாம் நல்லவரா, தினமும் பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வர்ற ஆள ஒரு சீட்டுல கூட யாரும் எழுதல. அன்னைக்கு ரெண்டரை மணி நேரம் பேசுனோம், நாவல பத்தி பாதி, நம்ம வீடுகள்ல யார கண்ண மூடிட்டு நம்புறோம்ங்கறத பத்தி பாதி.

ரெண்டாவது பென்சில். படிக்கும்போது எந்த வரில வயிறு பிசைஞ்சுதோ, எங்க மூடி வைக்கணும்னு தோணுச்சோ, அங்க ஓரத்துல ஒரு கோடு போட்டுருங்க (லைப்ரரி புத்தகம்னா துண்டு பேப்பர்). கூட்டத்துல நல்லாருக்கு நல்லால்லன்னு ஆரம்பிக்காம அந்த கோட்ட வாசிச்சு ஆரம்பிங்க. எனக்கு கொலை நடந்த பக்கத்துல ஒண்ணும் ஆகல, ஆனா அம்மா சாப்பாட்டுக்கு தட்டு எடுக்குறப்ப பழக்கத்துல ஒரு தட்டு கூடுதலா எடுத்துட்டு, அத தண்ணி படாமலே துணியால தொடைச்சு திரும்ப வைக்கிற இடத்துல எந்திரிச்சு போய் லைட்ட போட்டேன். எனக்கு பக்கத்துல உக்காந்திருந்த தம்பி அந்த வரிய கவனிக்கவே இல்ல, அவனுக்கு கோடு விழுந்தது அப்பா பைக் சத்தம் கேட்டதும் பிள்ளைங்க டிவிய அணைக்கிற இடத்துல. ஒரே புத்தகம் தான், ஆனா ஒருத்தர் கோடு இன்னொருத்தருக்கு விழாது, பேச்சு அங்க இருந்து தன்னால வளரும்.

அப்புறம் கதை சொல்ற ஆளு. வெய்ன் பூத்னு ஒரு விமர்சகர் 1961ல நம்ப முடியாத கதைசொல்லின்னு ஒரு பேர் வச்சாரு, இந்த வகை நாவல்ல நிறைய அப்படி தான் இருக்கும். ஆனா எல்லாத்தையும் ஒரே கணக்குல போட்டு ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது. தெரிஞ்சே மறைக்கிற ஆளு வேற, சின்ன பிள்ளையா இருந்ததால அன்னைக்கு நடந்தது என்னன்னே புரியாத ஆளு வேற, நடந்தது உள்ள இருக்கு ஆனா வரிசையா வரமாட்டேங்குதுங்கற ஆளு வேற. மூணாவது வகைக்கு தான் நம்ம ஆளுங்க, கதை குழப்புது, முன்ன பின்ன தாவுதுன்னு குறை சொல்லுவாங்க. பெரிய அதிர்ச்சி பட்டவங்கள்ல சில பேருக்கு ஞாபகம் துண்டு துண்டா தான் வரும், ஒரு வாசனை, ஒரு சத்தம், கதவோட நிறம், இதெல்லாம் நேத்து மாதிரி இருக்கும், ஆனா எது முன்னாடி எது பின்னாடின்னு கேட்டா சொல்ல வராது. போருக்கு போயிட்டு வந்த சிப்பாய்ங்க பட்ட பாட்ட ரொம்ப நாளா பாத்துட்டு தான், பெரிய அதிர்ச்சிக்கு பிறகு வர்ற மனநல பாதிப்ப 1980ல அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் பிடிஎஸ்டிங்கற பேர்ல அவங்க கையேட்டுல சேத்தாங்க. அதனால கதை தாவுனா, யாரோட தலைக்குள்ள இருந்து தாவுதுன்னு முதல்ல பாருங்க.

ஆனா எழுத்தாளர் நிஜமாவே ஏமாத்துறதும் உண்டு, அத விடக்கூடாது. முடிச்சதும் முதல் அத்தியாயத்த திரும்ப படிங்க. ஒவ்வொரு வரியும் இப்ப வேற அர்த்தத்துல பொருந்தி வந்துச்சுன்னா நேர்மையான ஆட்டம். கவுன பாத்ததும் அவ மனசுல என்ன ஓடுச்சுங்கறத வேணும்னே மறைச்சு, 300 பக்கம் கழிச்சு திடீர்னு அவளுக்கு எல்லாம் தெரியும்னு சொன்னா, அது நம்மள முட்டாளாக்குற வேலை, அத கோவமாவே சொல்லலாம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்த மாதிரி நாவல் பேசுற எல்லா இடத்துலயும் ஒரு கேள்வி வந்தே தீரும், ஏன் அந்த பாதிக்கப்பட்ட பொண்ணு அப்பவே சொல்லல, 20 வருஷமா வாய மூடிட்டு இருந்துட்டு இப்ப வந்து சொன்னா யாரு நம்புவா. எங்க கூட்டத்துலயும் ஒரு அண்ணன் கேட்டாரு, கெட்ட எண்ணம் இல்ல, கதை நம்புற மாதிரி இல்லங்கறத சொல்ல வந்தாரு. எனக்கு எதிர்ல உக்காந்திருந்த அக்கா, எப்பவும் எல்லாருக்கும் தட்டுல எடுத்து வைக்கிறவங்க, கைல இருந்த தட்டுவடைய அப்படியே வச்சிட்டு, பேக்க எடுத்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. மணி ஆறு தான். அவங்களுக்கு ஒம்போது மணி வரைக்கும் பஸ் இருக்கு. நான் அன்னைக்கு கூடவே இறங்கி போகல, மத்தவங்க என்ன நினைப்பாங்களோன்னு உக்காந்துட்டேன், அது என் தப்பு, இன்னமும் மனசு கேக்கல.

அதுக்கப்புறம் நாங்க போட்ட ஒரே சட்டம் இது தான்: அந்த ரூம்ல இருக்குற யாருக்காவது இது கதையா இல்லாம இருக்கலாம்னு நினைச்சுக்கிட்டு பேசணும். ஏன் சொல்லலன்னு கேக்குறதுக்கு பதிலா, அவ யார்கிட்ட சொல்லிருக்க முடியும்னு கேளுங்க. நாவல்ல திரும்ப போய் தேடுனோம். பாட்டிகிட்ட சொன்னா, பாட்டி வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக்கூடாதுன்னுட்டா. டீச்சர்கிட்ட போனா, டீச்சரே அப்பாவோட சிநேகிதி. கடைசில அவ வரைஞ்ச படத்த கூட அம்மா அடுப்புல போட்டுட்டா. அதாவது அவ மூணு தடவ சொல்லிருக்கா, நாங்க தான் படிக்கிறப்ப கவனிக்கல. அண்ணனே பக்கத்த புரட்டி பாத்துட்டு, ஆமா கண்ணு, இருக்குன்னாரு. பயந்தா ஓடணும் இல்ல அடிக்கணும்னு தான் நாம நினைக்கிறோம், உடம்பு உறைஞ்சு போய் நிக்கிறதும் பயத்தோட வேலை தான், பிள்ளைங்களுக்கு ஓடவும் இடம் கிடையாது.

புத்தகம் எடுக்குறதுக்கு முன்னாடியே இதுல என்ன இருக்குன்னு குரூப்ல சொல்லிருங்க, பிள்ளைங்கள துன்புறுத்துறது, தற்கொலை, அடி உதை, முடிவ சொல்லாம இத மட்டும் சொல்ல முடியும். பாதில எந்திரிச்சு போனா ஏன்னு கேக்கக்கூடாது, ஆனா மறுநாள் ஒருத்தர் மட்டும் போன் பண்ணி சாப்டீங்களான்னு கேக்கணும். யாராவது தன் கதைய சொல்ல ஆரம்பிச்சா நாவல மூடிருங்க, அறிவுரை சொல்லாதீங்க, கேட்டுட்டு மட்டும் இருங்க. அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசில்லாம எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம். பிள்ளைங்க விஷயம்னா 1098. இந்த ரெண்டு நம்பரையும் எங்க ரூம் கதவுக்கு பின்னாடி ஒட்டிருக்கோம், உள்ள இருந்து தாப்பா போடுறவங்களுக்கு தெரியற மாதிரி.

முடிவ உடைக்கிறத பத்தி சுருக்கமா. ஒரு தடவ ஏற்காட்டுல வச்சுக்கலாம்னு கிளம்புனோம், பஸ்ல ஏறி 20 கொண்டை ஊசி வளைவுல ஏழாவது கூட தாண்டல, ஒரு பையன் ஆர்வத்துல கவுன் யாரோடதுன்னு சொல்லிட்டான், நாப்பது பக்கம் பாக்கி வச்சிருந்த பொண்ணு, மேல லேடீஸ் சீட்டுங்கற வியூ பாயிண்ட் போற வரைக்கும் யார்கிட்டயும் பேசல. இப்பல்லாம் எந்த பக்கத்துல இருக்கீங்கன்னு கேட்டுட்டு தான் வாய திறக்கணும், குறைவா படிச்சவங்க பக்கம் தான் எல்லாருக்கும் எல்லை. மத்தபடி ஏரி பக்கம் பனி இறங்குறப்ப இந்த நாவல பேசுறது தனி அனுபவம், ஒரு தடவ போயிட்டு வாங்க.

வீட்டுக்கு வந்து எழுதுறவங்களுக்கு. சுமாரா இருந்துச்சு, விறுவிறுப்பு, யாரையுமே பிடிக்கல, இந்த மூணும் எழுதாதீங்க, படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. எங்க கூட்டத்து பொண்ணு முதல்ல "அம்மா கேரக்டர் பிடிக்கல, கல்நெஞ்சு"ன்னு எழுதிருந்தா. கோடு போட்ட பக்கத்த பாத்துட்டு திரும்ப எழுதுன்னேன். "அம்மா எல்லாம் தெரிஞ்சவ, ஆனா தெரியாத மாதிரியே முப்பது வருஷம் சமைச்சுட்டு இருந்தா, அவள மன்னிக்க முடியல, ஆனா அவ தட்ட தொடைக்கிறப்ப அழுகையும் வந்துச்சு"ன்னு எழுதுனா. முடிவு வெளிய வரல, அம்மா யாருன்னு தெரிஞ்சு போச்சு. பிடிக்காத ஆள பத்தி எழுதுறப்ப இப்படி எந்த செயல் பிடிக்கலன்னு பிடிச்சு எழுதுங்க. எழுதி ஒரு ராத்திரி வச்சிட்டு காலைல படிச்சு பாருங்க, அந்த எந்திரிச்சு போன அக்கா இத படிச்சா எப்படி இருக்கும்னு. நான் இத அவங்களுக்கு அனுப்பிட்டு தான் போடுறேன், டீச்சர் பத்தின வரிய மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தி சொல்லுன்னாங்க.