பழைய முகமூடிக்குப் புதிய இருட்டு: ஸ்லாஷர் படத்தை மறுபடி எடுப்பதற்கு ஒரு வழிகாட்டி

முகமூடி அணிந்த ஒருவன் கத்தியோடு இளைஞர்களைத் துரத்தும் பழைய ஸ்லாஷர் படம் ஒன்றை மறுபடி எடுப்பது என்று முடிவானவுடன், பெரும்பாலான குழுக்கள் முதலில் பேசத் தொடங்குவது கொலைகளைப் பற்றித்தான். எத்தனை கொலை, என்ன ஆயுதம், எவ்வளவு இரத்தம் என்ற அந்தப் பேச்சைச் சில வாரங்களுக்குத் தள்ளிப் போடுங்கள். முதல் வேலை, மூலப் படத்தை இரண்டு முறை பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பது: ஒரு முறை ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, இன்னொரு முறை திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டு. உடல் சிலிர்க்கும் ஒவ்வொரு நொடியையும் நேரத்தோடு குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பைப் பிறகு எடுத்துப் பார்த்தால், கத்தி இறங்கும் நொடிகள் அதில் குறைவாகவும், எதுவுமே நடக்காமல் நாம் காத்திருந்த நொடிகள் அதிகமாகவும் இருப்பதைக் காண்பீர்கள்.

அடுத்து, அந்தப் படத்தின் பயத்தை, கொலையாளியின் பெயரைச் சொல்லாமல், ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ஜான் கார்பென்டர் 1978-இல் இயக்கிய 'ஹாலோவீன்' படத்தில் லாரி என்ற பெண் உயிருக்குத் தப்பி ஓடிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகிறாள். உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது, ஆனால் விளக்கு அணைந்துவிடுகிறது. ஆள் நடமாட்டமுள்ள தெருவில் எனக்கென்று யாரும் இல்லை என்பதுதான் அந்தப் படத்தின் பயம். வெஸ் கிரேவனின் 1984-ஆம் ஆண்டுப் படமான 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' எழுப்பும் பயம் வேறு: தூங்காமல் இருக்க முடியாது, தூங்கினால் கனவில் வரும் கொலையாளியிடம் உயிர் மிஞ்சாது, பெற்றோரோ தாங்கள் செய்ததை மறைக்கிறார்கள். 1974-இல் வெளிவந்த 'பிளாக் கிறிஸ்மஸ்' படத்தில் மிரட்டல் தொலைபேசி அழைப்புகள் அதே வீட்டின் உள்ளிருந்தே வருகின்றன. மூன்றும் ஒரே வகைப் படங்கள்தான், ஆனால் ஒன்றின் பயத்தை எடுத்து இன்னொன்றில் வைத்தால் ஒட்டாது. நீங்கள் எழுதிய வாக்கியம் எந்த ஸ்லாஷர் படத்துக்கும் பொருந்தும்படி பொதுவாக இருந்தால், மூலத்தை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி பாருங்கள்.

உரிமை யாரிடம் இருக்கிறது

திரைக்கதையில் கை வைப்பதற்கு முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம், தன் படைப்பின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட எழுத்தாளர் ஒருவர் 35 ஆண்டுகளுக்குப் பிறகு அதை மீட்டுக்கொள்ள வழி வைத்திருக்கிறது. கூலிக்கு எழுதப்பட்டதாகக் கருதப்படும் படைப்புகளுக்கு மட்டும் இது பொருந்தாது. 1980-இல் வெளியான 'ஃபிரைடே த தேர்டீன்த்' படத்தின் திரைக்கதையாசிரியர் விக்டர் மில்லர் இந்த வழியில்தான் சென்றார். 2018-இல் அவருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் அவருக்குக் கிடைத்தது முதல் படத்தின் திரைக்கதைக்கான அமெரிக்க உரிமை. அந்த முதல் படத்தில் கொலைகளைச் செய்பவர், பின்வந்த பாகங்களின் கொலையாளியான ஜேசனின் தாய். எல்லோருக்கும் நினைவில் நிற்கும் ஹாக்கி முகமூடி 1982-இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் முதன்முதலாகத் தோன்றுகிறது. ஒரே தொடரின் கதை ஒருவரிடமும், அதன் புகழ்பெற்ற அடையாளம் வேறொருவரிடமும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆகவே முகமூடி, இசை, தலைப்பு, பாத்திரப் பெயர்கள், தொடர் பாகங்களில் சேர்ந்த கதைகள் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்து, எது உங்கள் கையில் இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே எழுத உட்காருங்கள்.

எந்தப் பாதையில் போவது

மூலக் கதையையே திரும்பச் சொல்லலாம். பல ஆண்டுகள் கழித்து அதைத் தொடரலாம். பழைய பாத்திரங்களிடமிருந்து புதியவர்களிடம் கதையை ஒப்படைக்கலாம். காட்சிக்குக் காட்சி அப்படியே படியெடுப்பது மட்டும் வேண்டாம். 1960-ஆம் ஆண்டு 'சைக்கோ'வை கஸ் வான் சான்ட் 1998-இல் ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் வண்ணத்தில் எடுத்தார். அதே திரைக்கதை, பெரும்பாலும் அதே கோணங்கள், ஆனாலும் அந்த நடுக்கம் வரவில்லை. ஹிட்ச்காக்கின் படத்தில் கதாநாயகியை முதல் பாதியிலேயே இழந்துவிடுவோம் என்று 1960-இல் யாரும் எதிர்பார்க்கவில்லை. 1998-இல் அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. காட்சியைப் படியெடுக்கலாம், பார்வையாளரின் அறியாமையைப் படியெடுக்க முடியாது.

'ஹாலோவீன்' தொடரிலேயே இரண்டு பாதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2007-இல் ராப் ஸாம்பி கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லி, கொலையாளி மைக்கேல் மையர்ஸின் சிறுவயதையும் அவன் வளர்ந்த வீட்டின் கொடுமைகளையும் விரிவாகக் காட்டினார். 2018-இல் டேவிட் கோர்டன் கிரீன் இடையில் வந்த எல்லாப் பாகங்களையும் ஒதுக்கிவிட்டு, 1978-க்கு நேரான தொடர்ச்சியாக, நாற்பது ஆண்டுகள் அந்த ஓர் இரவைச் சுமந்தே வாழ்ந்த லாரியைக் காட்டினார். லாரியும் மைக்கேலும் உடன்பிறந்தவர்கள் என்று 1981-ஆம் ஆண்டின் இரண்டாம் பாகம் சேர்த்திருந்த உறவும் அதோடு கழன்றது. அது சரியான முடிவு என்பது என் உறுதியான எண்ணம். அவன் அவளைத் தேடி வருவதற்கு ஒரு காரணம் இருந்தால், காரணம் இல்லாத மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்; காரணமே இல்லை என்றால் யாரும் தூங்க முடியாது.

கொலையாளியை விளக்காதீர்கள்

தயாரிப்புக் கூட்டங்களில், "அவன் ஏன் இப்படி ஆனான் என்று இந்தத் தலைமுறை கேட்கும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கேட்கட்டும், பதில் கிடைக்காமல் அவர்கள் வீடு திரும்புவதே படத்தின் வெற்றி. 1978-ஆம் ஆண்டுப் படத்தின் பெயர்ப் பட்டியலில் முகமூடிக்காரனுக்கு 'உருவம்' என்ற பொருளில்தான் பெயர் போட்டிருந்தார்கள். அந்த முகமூடியும் இரண்டு டாலருக்கும் குறைவான விலையில் கடையில் வாங்கிய, ஒரு விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் கேப்டன் முகம்தான். புருவத்தையும் கிருதாவையும் எடுத்துவிட்டு, கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளைச் சாயம் அடித்தார்கள். ஒரு முகத்திலிருந்து உணர்ச்சியைச் சொல்லும் எல்லாவற்றையும் நீக்கினால் மிஞ்சுவதுதான் அந்த முகமூடி. பார்ப்பவர் தம்முடைய பயத்தைத் தாமே அதன்மேல் வரைந்துகொள்கிறார்.

புதிய படத்தில் முகமூடியைப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசை வடிவமைப்பாளர்களுக்கு இயல்பாகவே எழும். கோடுகளைக் கூட்டாதீர்கள், பல் வைக்காதீர்கள், கோபமான நெற்றியை வரையாதீர்கள். உழைப்பை வெளிச்சத்தில் செலுத்துங்கள். அதே படத்தில் லாரி இருண்ட அறை வாசல் ஒன்றின் அருகே சாய்ந்து நிற்க, அவளுக்குப் பின்னால் உள்ள கருமையிலிருந்து அந்த வெள்ளை முகம் சிறிது சிறிதாகத் தெளிந்து வருவதை நினைத்துப் பாருங்கள். அங்கே அவன் நகரவில்லை. நம் கண்தான் இருட்டுக்குப் பழகுவதுபோல் அவனைக் கண்டுபிடிக்கிறது. அகலமான திரைச் சட்டத்தின் ஓரங்களை வெறுமையாக விட்டு, அங்கே எதுவும் வரலாம் என்று பார்வையாளரைத் தேட வைக்கும் அந்த ஒளிப்பதிவு முறை இன்றும் சிறிதும் பழையதாகவில்லை.

கைபேசி என்னும் சிக்கல்

இன்றைய படத்தில் மிகுந்த உழைப்பைக் கேட்பது இந்த இடம்தான். 1970, 80-களின் கதைகள் தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டு நிம்மதியாக நகர்ந்துவிடும். இப்போது ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி, விளக்கு, கேமரா, வரைபடம் எல்லாம் இருக்கின்றன. சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை, கீழே விழுந்து உடைந்துவிட்டது என்ற மூன்று சாக்குகளும் தேய்ந்துபோய்விட்டன. அவற்றில் ஒன்று திரையில் வந்தவுடனே கதாசிரியரின் கை தெரிந்துவிடுகிறது. கைபேசி வேலை செய்யட்டும். அழைப்பு போகட்டும். மறுமுனையில் அன்பான குரல் ஒன்று, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், ஒன்பது நிமிடத்தில் வந்துவிடுவார்கள் என்று சொல்லட்டும். தொடர்பு அற்றுப்போவதைவிட, தொடர்பு இருந்தும் ஆள் வந்து சேராமல் இருப்பதே இந்தத் தலைமுறை நன்றாக அறிந்த தனிமை. மூலப் படத்தில் அணைந்த அந்தப் பக்கத்து வீட்டு விளக்கு இன்று இங்கேதான் இருக்கிறது.

ஒரு காட்சியை இங்கே கட்டிப் பார்ப்போம். மாடியில் ஒரு நீண்ட நடைவழி. அங்கே ஆள் அசைந்தால் தானே எரிந்து, அசைவு நின்ற சில நொடிகளில் தானே அணையும் சென்சார் விளக்கு. படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறுவன் அந்த நடைவழித் தரையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறான்; விளக்கு அணையும்போதெல்லாம் தலை நிமிராமலேயே கையை மேலே ஆட்டி அதை எரிய வைக்கிறான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பிற்பாதியில் அவனுடைய அக்கா அறைக்குள் ஒளிந்திருக்கிறாள்; கதவுக்கு அடியில் உள்ள இடுக்கில் திடீரென்று ஒரு வெளிச்சக் கோடு தோன்றுகிறது. கொலையாளி நடைவழிக்கு வந்துவிட்டான். அவள் மூச்சை அடக்குகிறாள். கோடு அப்படியே நிற்கிறது, பிறகு அணைகிறது. போய்விட்டான் என்று அரங்கம் முழுவதும் மூச்சு விடும். அந்த மூச்சு முடிவதற்குள், திரும்பிப் போகும் காலடி ஓசை கேட்கவே இல்லை என்பது ஒருவருக்கு உறைக்கும், பிறகு இன்னொருவருக்கு. அவன் போகவில்லை, கதவுக்கு வெளியே அசையாமல் நிற்கிறான், அதனால்தான் விளக்கு அணைந்தது.

இந்தக் காட்சியில் புதிய கருவி பழைய கொலையாளியைப் பலவீனப்படுத்தவில்லை. அசையாமல் நிற்பது இந்த வகைக் கொலையாளிகளின் பழைய குணம். அந்தக் குணத்துக்கு இப்போது ஒரு விளக்கு சாட்சி சொல்கிறது. உங்கள் மூலப் படத்தின் கொலையாளிக்கு உள்ள குணம் மெதுவாக நடப்பதோ, குரல் மாற்றிப் பேசுவதோ எதுவானாலும், இன்றைய வீட்டில் உள்ள எந்தப் பொருள் அதற்கு அறியாமல் துணைபோகும் என்று தேடுங்கள். அறை அறையாக நடந்து பார்த்தால் கிடைத்துவிடும்.

சாகப் போகிறவர்கள்

கேரல் குளோவர் என்ற ஆய்வாளர் 1987-இல் எழுதிய கட்டுரையில், எல்லோரும் இறந்த பின் கொலையாளியை எதிர்கொண்டு நிற்கும் 'கடைசிப் பெண்' என்ற பாத்திர வகையை அடையாளம் காட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பெண் விமர்சனத்துக்கு மட்டுமல்லாமல் திரைக்கதைக்கும் சூத்திரமாகிவிட்டாள். 1996-இல் வந்த 'ஸ்கிரீம்' படத்தின் பாத்திரங்களே இந்த வகைப் படங்களின் விதிகளை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கிய பிறகு, குடிப்பவர் சாவார், காதலிப்பவர் சாவார், ஒழுக்கமானவள் பிழைப்பாள் என்ற கணக்கு யாரையும் ஏமாற்றாது. அது நியாயமான கணக்காகவும் எனக்குப் பட்டதில்லை. சாகப் போகிற ஒவ்வொருவருக்கும், கதைக்குத் தேவையில்லாத ஒரு விருப்பத்தையாவது கொடுங்கள்: நாளை திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன், பாதியில் நிற்கும் ஒரு சண்டை. அவர் இறந்த பிறகு அந்தக் கடனைப் பற்றிக் கேட்டு அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்தால், ஒரு வாளி இரத்தம் செய்யாததை அது செய்துவிடும்.

இடமும் ஒரு பாத்திரம்தான். 1992-ஆம் ஆண்டின் 'கேண்டிமேன்' சிகாகோவின் காப்ரினி-கிரீன் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது. 2021-இல் நியா டகோஸ்டா அதைத் தொடர்ந்தபோது அந்த உயரமான கட்டடங்கள் இடிக்கப்பட்டு, அந்தப் பகுதியில் வசதி படைத்தவர்கள் குடியேறியிருந்தார்கள். அவர் பழைய கட்டடத்தைத் திரும்பக் கட்டவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியையே படத்தின் பயமாக்கினார். பின்கதையை நிழல் பொம்மைகளைக் கொண்டு சொன்னது பழைய காட்சிகளை ஒட்டிப் போடுவதைவிட எவ்வளவோ மேல். உங்கள் மூலக் கதையின் இடம் இன்று என்னவாகியிருக்கிறது என்பதை நேரில் போய்ப் பாருங்கள்.

இரத்தம், ஒலி, பணம்

1974-ஆம் ஆண்டின் 'த டெக்சஸ் செயின் சா மாசக்கர்' படத்தைக் கொடூரத்தின் உச்சம் என்று நினைவில் வைத்திருப்பவர்கள், மறுபடி பார்க்கும்போது திரையில் தெரியும் இரத்தம் எவ்வளவு குறைவு என்று வியப்பார்கள். வெட்டும் காட்சியை நாம் பார்த்ததாக நம்ப வைத்தது படத்தொகுப்பும் இயந்திரத்தின் இரைச்சலும்தான். கொலைகளில் ஒன்றை மட்டும் முழுமையாகக் காட்டுங்கள். மற்றவற்றில் பார்வையாளரின் மனமே மீதியை நிரப்பிக்கொள்ளும். கணினியில் சேர்க்கும் இரத்தம் துணியில் ஊறுவதில்லை, தரையில் வழுக்குவதில்லை. கூடிய வரை படப்பிடிப்புத் தளத்திலேயே செய்யுங்கள்.

'ஹாலோவீன்' படத்துக்குக் கார்பென்டர் தாமே அமைத்த இசை ஐந்து தட்டுகள் கொண்ட தாளத்தில் ஓடுகிறது. நான்குக்குப் பழகிய காது ஒவ்வொரு சுற்றிலும் இடறுகிறது. மூல இசையின் உரிமை கிடைத்தால் அதை வீணடிக்காமல் மூன்று அல்லது நான்கு இடங்களில் மட்டும் வையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, சிறியதாக இருப்பதே பாதுகாப்பு. 1978-ஆம் ஆண்டுப் படம் சுமார் 3 லட்சம் டாலரில், ஏறத்தாழ 20 நாட்களில் எடுக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் வசந்த காலத்தில் இலையுதிர் காலத்தைக் காட்டச் சாயம் பூசிய இலைகளைத் தூவி, பிறகு பொறுக்கி மறுபடி பயன்படுத்தினார்கள். 2018-ஆம் ஆண்டுப் படம் சுமார் 1 கோடி டாலரில் எடுக்கப்பட்டு உலகம் முழுவதும் 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. பணம் குறைவாக இருந்தால் கேள்வி கேட்பவர்களும் குறைவாக இருப்பார்கள். கொலையாளியை விளக்கச் சொல்லும் குரலை மறுப்பது எளிதாகும்.

முன்னோட்டக் காட்சிக்கு இரு வகையினரை அழையுங்கள்: மூலத்தை மனப்பாடமாக அறிந்தவர்கள், அதைப் பார்த்தே இராதவர்கள். இரண்டாம் வகையினர் எங்கே கைபேசியை எடுத்துப் பார்க்கிறார்கள் என்று பின் வரிசையிலிருந்து குறித்துக்கொண்டு, அந்த இடங்களை முதலில் வெட்டுங்கள். பழைய படத்தை நினைவூட்டும் குறிப்புகளுக்காகவே நிற்கும் காட்சிகள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.

கடைசிக் காட்சியில் அடுத்த பாகத்துக்கான அறிவிப்பு எதுவும் வேண்டாம். 1978-இல் கார்பென்டர், மைக்கேல் நடமாடிய வெற்று அறைகளையும் வீடுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி, மேலே அவனுடைய மூச்சொலியை மட்டும் ஓடவிட்டார். நம் கதையில் போலீஸ் வந்து போன பிறகு, விடியற்காலையில், மாடி நடைவழிக்குத் திரும்புங்கள். சிறுவனின் புத்தகம் தரையில் கிடக்கிறது. விளக்கு அணைந்திருக்கிறது. கேமராவை நகர்த்தாமல் காத்திருங்கள். பிறகு விளக்கு எரியட்டும்.