கை காட்டினார், போனேன்: புதிதாக வண்டி ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை ஆஃப் ஆக்குவது, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு மறப்பது எல்லாம் பத்து நாளில் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள். சட்டம் ஒன்று சொல்ல, சாலையில் எல்லாரும் வேறொன்று செய்ய, புதியவர் நடுவில் முழிக்கிற இடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அடுத்தவர் கையை நம்புவது

போன வாரம்கூட எதிரே வந்த லாரி நின்று டிரைவர் கையசைத்ததும், "சார், போகச் சொல்றார்" என்று மாணவி திருப்பத் தொடங்கிவிட்டார். என் காலடி பிரேக்கை மிதித்தேன். எனக்கு எரிச்சல் அவர்மேல் இல்லை. ஓட்ட ஆரம்பித்த புதிதில் நானும் இப்படித்தான் ஒரு லாரிக்காரருக்கு நன்றி சொல்லக் கையைத் தூக்கிக்கொண்டே திருப்பினேன், லாரிக்கு மறுபக்கமாக வந்த ஸ்கூட்டர் என் கதவில் மோதியது. ஓட்டி வந்த பையனுக்குக் கை முறிந்தது. லாரி மறைத்ததில் அவன் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவனைப் பார்க்கவில்லை. குறுக்கே திரும்புகிறவன்தான் வழிவிட வேண்டும் என்று செலவு முழுக்க என் தலையில் விழுந்தது. கை காட்டியவர் அதற்குள் போயே போய்விட்டார்.

நல்ல மனுஷன்தான். ஆனால் அவரால் தன் முறையைத்தான் விட்டுக்கொடுக்க முடியும், பக்கத்தில் வருகிறவனுடைய முறையை அல்ல. லைட் அடிப்பது இன்னும் மோசம்: ஓர் ஊரில் "நீ போ", இன்னோர் ஊரில் "நான் வர்றேன், நில்லு". பிரிட்டனின் சாலை விதிக் கையேடு, நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே ஹெட்லைட்டை அடிக்கலாம், அடித்தால் போகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதே என்கிறது. யார் கையசைத்தாலும் வண்டியின் மூக்கை மட்டும் மெல்ல நீட்டி, மறைவுக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போங்கள். பின்னால் இருக்கிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

எல்லாரும் போகிற வேகம்

"எல்லாரும் இந்த ஸ்பீடுதானே சார்?" சரி, ஆனால் வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடுகிற தூரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. நூறு பேர் சேர்ந்து மீறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

சீட் பெல்ட்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-லேயே கட்டாயமாக்கிவிட்டது. போடுங்கள்.

மஞ்சள் விளக்கு

பாதுகாப்பாக நிற்க முடிந்தால் நிற்க வேண்டும். அதற்கு முன் கண்ணாடியை ஒரு பார்வை பாருங்கள், ஒட்டிக்கொண்டு வருகிறவன் நீங்கள் எப்படியும் போய்விடுவீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான்.