டிஃபினாக் எழுத்து 'யாஸ்': காகிதத்தில் கணக்கிட்டுத் திரையில் காண்பது எப்படி?

அமாசிக் கொடியின் நடுவே, கைகால்களை விரித்து நிற்கும் மனிதனைப் போலச் சிவப்பாக ஒன்று தெரியும். அது சின்னம் மட்டுமல்ல, ஓர் எழுத்து. வட ஆப்பிரிக்காவின் பெர்பர் (அமாசிக்) மக்களின் டிஃபினாக் எழுத்துமுறையில் அதன் பெயர் யாஸ். மொராக்கோ 2003-இல் இந்த எழுத்துமுறையை ஏற்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் உலகத் தரமான யூனிகோடில், 2005-இல் வெளிவந்த 4.1 பதிப்பில் இதற்கு இடம் கிடைத்தது. அதற்கு முன்பு ஆங்கில எழுத்துகளின் எண்கள்மேல் டிஃபினாக் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்கள்தான் கைகொடுத்தன. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு அந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை.

யாஸ் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதை ஒருமுறை கையாலேயே கணக்கிட்டுப் பார்ப்போம். பென்சிலும் காகிதமும் போதும்.

படி 1: எழுத்தின் யூனிகோடு எண்ணை எடுங்கள். யாஸுக்கு 11619. அடுத்துள்ள 11620 துவாரெக் மக்களின் ஒரு பிரிவினர் எழுதும் வேறொரு வடிவம். 11621 அழுத்தி ஒலிக்கும் வேறு எழுத்து. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், கவனம்.

படி 2: அதை இரும எண்ணாக மாற்றுங்கள். 8192 + 2048 + 1024 + 256 + 64 + 32 + 2 + 1 = 11619. எனவே 16 இலக்கங்களில் 0010110101100011.

படி 3: அதை 4, 6, 6 இலக்கங்களாக வெட்டுங்கள்: 0010, 110101, 100011. யூனிகோடு எண்களைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 2048 முதல் 65535 வரையுள்ள எண்களுக்கு மூன்று பைட் (ஒரு பைட் என்பது 8 இரும இலக்கங்கள்) தேவை. (தமிழ் எழுத்துகளும் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன, 'அ' 2949.) முதல் துண்டின் முன் 1110, மற்ற இரண்டின் முன் 10 சேர்த்தால் 11100010, 10110101, 10100011. பதின்ம எண்களில் 226, 181, 163.

படி 4: சரிபாருங்கள். வெற்று உரைக்கோப்பு ஒன்றில் ⵣ என்று மட்டும் எழுதி, எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்து உலாவியில் திறந்தால் யாஸ் தெரியும். அதை நகலெடுத்து வேறொரு உரைக்கோப்பில் ஒட்டி யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். கோப்பின் அளவு 3 பைட் என்று காட்ட வேண்டும். 6 என்று காட்டினால், கோப்பின் தொடக்கத்தில் மென்பொருள் தானாக ஓர் அடையாளக் குறியைச் சேர்த்திருக்கிறது. வட்டில் பிடிக்கும் இடம் என்று பெரிதாக இன்னொரு எண் தெரிந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

வெற்றுக் கட்டம் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். குறியாக்கத்தில் பிழை இல்லை. விண்டோஸ் 7 முதல் எப்ரிமா எழுத்துரு உடன் வருகிறது. மற்ற இடங்களில் நோட்டோ சான்ஸ் டிஃபினாக்கை நிறுவலாம். தொப்பி போட்ட ஆங்கில எழுத்தும் பவுண்டு குறியும் சேர்ந்து வந்தால் கதை வேறு: மூன்று பைட்டையும் மென்பொருள் மூன்று தனித்தனி எழுத்துகளாகப் படித்துவிட்டது. 163 என்பது பழைய மேற்கத்தியக் குறியாக்கத்தில் பவுண்டு குறி. கோப்பை யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் சரியாகிவிடும்.

என்னைக் கேட்டால், இவற்றைவிட மோசமானது கண்ணுக்கே தெரியாத பிழை. டிஃபினாக்கின் 'யாத்' பார்ப்பதற்குக் கூட்டல் குறிபோலவே இருக்கும். அதன் எண் 11612. கூட்டல் குறியின் எண் 43. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றதைத் தட்டிவிட்டால் அச்சில் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். தேடும்போது அந்தச் சொல் மட்டும் அகப்படாது.

யாஸ் கைவந்ததும் 'யாக்' எழுத்தின் உதடு குவித்த வடிவத்தை முயலுங்கள். மொராக்கோவின் நெடுங்கணக்கில் அது தனி எழுத்து. ஆனால் யூனிகோடில் அதற்குத் தனி எண் இல்லை. 11581-ஐயும் அதன்பின் 11631 என்ற குறியையும் அடுத்தடுத்து இட வேண்டும். 'கி' என்பது ககரமும் இகரக் குறியுமாகச் சேமிக்கப்படுவதும் இப்படித்தான். இப்போது உங்கள் கோப்பு 6 பைட் காட்டினால் அதுதான் சரி.