ஓ லெவலுக்கு முன்பே பாலிடெக்னிக் இடம்: ஏற்கலாமா?

சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் படிக்கும்போதே, ஓ லெவல் முடிவுகளுக்குக் காத்திராமல் பாலிடெக்னிக்கில் இடம் பிடிக்க இஏஇ (EAE) எனும் முன்கூட்டிய சேர்க்கைத் திட்டம் வழிசெய்கிறது. ஆர்வத்தையும் திறனையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று படிப்புகள் வரை விண்ணப்பிக்கலாம்.

ஏற்குமுன் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். இடத்தை ஏற்று, ஓ லெவலில் அதற்கான தகுதியும் பெற்றுவிட்டால், முடிவுகள் வந்தபின் நடக்கும் கூட்டுச் சேர்க்கையான ஜேஏஇ-யில் (JAE) கலந்துகொள்ள முடியாது. முடிவுகள் எவ்வளவு அருமையாக வந்தாலும் அந்த வழியாகத் தொடக்கக் கல்லூரிக்குப் போக இயலாது. அங்கே போகும் ஆசை பாதியளவு இருந்தாலும் ஏற்காதீர்கள்.

அடுத்து, அண்மைத் தேர்வில் பெற்ற தரங்களை (1 மிகச் சிறந்தது, எண் கூடக்கூடத் தரம் குறைவு) எடுத்துக் கணக்குப் போடுங்கள்: ஆங்கிலம், படிப்போடு தொடர்புடைய இரு பாடங்கள், மற்றவற்றில் சிறந்த இரு பாடங்கள். ஓ லெவலில் இந்த ஐந்தும் சேர்ந்து, இணைப்பாட நடவடிக்கைகளுக்கான (CCA) சலுகைப் புள்ளிகள் கழித்து, பெரும்பாலான படிப்புகளுக்கு 26-ஐத் தாண்டக்கூடாது. பலர் தடுமாறுவது இங்கேதான்: ஆங்கிலம் 4, கணிதம் 7, மற்றவை 4, 4, 5 என்றால் மொத்தம் 24. பார்க்கப் போதும்போல் இருக்கும். ஆனால் பொறியியல் படிப்புகள் பொதுவாகக் கணிதத்தில் 6 அல்லது அதைவிடச் சிறந்த தரத்தைக் கேட்கும். கையில் இருந்த இடம் அந்த ஒரு பாடத்தால் போய்விடும்.

ஆர்வம் உண்மையா என்று அறிய, முதலாண்டுப் பாடப்பட்டியலைப் பெற்றோரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். பாதிப் பாடங்கள் சலிப்பூட்டினால் மூன்றாண்டு தாங்காது. நேர்காணலுக்குச் சான்றிதழ் கட்டைவிட, நீங்களே செய்த ஒரு பொருளும், அதில் எது பழுதானது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்ற தெளிவான விளக்கமும் உதவும்.