பாட்டி இறந்த பிறகு அவருடைய ரஷ்ய வேரைத் தேடுவது எப்படி

வீட்டில் ஒருவர் இறந்ததும் முதலில் காணாமல் போவது அவருடைய காகிதங்கள்தான். அலமாரியை ஒழிக்கிறோம் என்று யாராவது மூட்டையாகக் கட்டி வெளியே வைத்துவிடுவார்கள். போனவர் ரஷ்ய வம்சம் என்றால் முதல் 40 நாள் எதையும் தேட வேண்டாம், எடுத்து வைத்தால் போதும். (ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ வழக்கத்திலும் 9ஆம் நாளும் 40ஆம் நாளும் நினைவு நாட்கள்.) கடிதங்களை உறையோடு வையுங்கள். புகைப்படங்களை இரு பக்கமும் படமெடுங்கள். பழைய அட்டைப் படங்களின் பின்னால் ஸ்டுடியோ பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். குடும்பத்தில் வயதானவர் ஒருவர் மிஞ்சியிருந்தால், அவரிடம் கேட்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஐகான் என்னும் புனிதர் படத்துக்குப் பின்னாலோ ஜெபப் புத்தகத்துக்குள்ளோ உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று கிடைக்கலாம். அதன் பெயர் பம்யான்னிக். கோயில் வழிபாட்டில் வாசிக்க வேண்டிய பெயர்கள் அதில் இருக்கும். உயிரோடிருப்பவர்கள் தனி, இறந்தவர்கள் தனி. குடும்பப் பெயர் கிடையாது, ஞானஸ்நானப் பெயர் மட்டும்தான். படிக்கும்போது பலர் சறுக்குவது இங்கேதான். பெயர்கள் 'இன்னாருடைய' என்ற வேற்றுமையில் எழுதப்பட்டிருக்கும். 'இயோவான்னா' என்றிருந்தால் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் இயோவான், ஊரார் வாயில் இவான். 'அலெக்சாந்த்ரா'வும் ஆண்தான், பெண்ணாக இருந்தால் 'அலெக்சாந்த்ரி' என்று முடியும். யூரியும் யெகோரும் கோயில் கணக்கில் கியோர்கி.

ரஷ்யப் பெயரின் நடுப்பகுதி நம் இனிஷியல் மாதிரி, அப்பாவின் பெயர். பெத்ரோவ்னா என்றால் தந்தை பியோத்தர். இறப்புச் சான்றிதழில் அது இருந்தாலே ஒரு தலைமுறை கையில் வந்துவிட்டது.

அடுத்து ஊர். பழைய கப்பல் பயணிகள் பட்டியலில் 'ரஷ்யா' என்று இருப்பது அன்றைய ரஷ்யப் பேரரசு; அது இன்றைய போலந்தாகவோ லிதுவேனியாவாகவோ உக்ரைனாகவோ இருக்கலாம். கிராமத்தின் பெயர் தெரியாமல் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவது வீண். பெரிய ஊர்களும் பெயர் மாறியிருக்கின்றன: த்வேர் 1931 முதல் 1990 வரை கலீனின், சமாரா 1935 முதல் 1991 வரை குயிபிஷெவ். கிராமம் தெரிந்தால், அது எந்தக் குபேர்னியா (மாகாணம்), எந்த உயேஸ்த் (மாவட்டம்), எந்தக் கோயிலின் எல்லைக்குட்பட்டது என்று வரிசையாக இறங்குங்கள்.

1917 புரட்சிக்கு முன்பு பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் மெட்ரிக் புத்தகம் என்ற கோயில் பதிவேட்டில்தான். இரண்டு பிரதி எழுதுவார்கள்: ஒன்று கோயிலில் இருக்கும், மற்றது மறைமாவட்ட அலுவலகத்துக்குப் போகும். அதனால் கோயில் எரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பிக்கை இழக்காமல் இரண்டாம் பிரதியைக் கேளுங்கள். ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் பல மாகாணங்களின் பக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம். பெயர் போட்டுத் தேடிக் கிடைக்காவிட்டால் ஏடு ஏடாகப் புரட்ட வேண்டும். பண்ணையடிமைகளில் பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை. அவர்களை 1719 முதல் 1858 வரை நடந்த தலைவரிக் கணக்கெடுப்புகளில், நிலவுடைமையாளரின் பெயரை வைத்துத் தேடுங்கள். புரட்சிக்குப் பிந்தைய பதிவுகள் ஸாக்ஸ் என்ற பிறப்பு-இறப்புப் பதிவு அலுவலகத்தில். இறந்தவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவை ஒவ்வொரு கண்ணியாகச் சான்றிதழோடு காட்ட வேண்டும். 100 ஆண்டு கடந்த பதிவுகள் அரசுக் காப்பகத்துக்குப் போகும். கிடைத்த ஒவ்வொரு தாளுக்கும் ஃபோந்த் (தொகுப்பு), ஓபிஸ் (பட்டியல்), தியேலோ (கோப்பு), லிஸ்த் (தாள்) என்ற நான்கு எண்களையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அதே தாளை இன்னொரு முறை தேட நேரும்.

தேதி பிசகினால் பதற வேண்டாம். ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு இன்றைய நாட்காட்டிக்கு மாறியதால், 1918 ஜனவரி 31க்கு மறுநாளே அங்கே பிப்ரவரி 14. அதற்கு முந்தைய தேதிகளோடு 19ஆம் நூற்றாண்டுக்கு 12 நாளும், 20ஆம் நூற்றாண்டுக்கு 13 நாளும் கூட்ட வேண்டும்.

ஒரே மனிதருக்கு இரண்டு இறப்புத் தேதிகள் கிடைத்தால் அது வேறு கதை. ஸ்டாலின் கால அடக்குமுறையில் 1937-38இல் சுடப்பட்ட பலரைப் பற்றி, 'கடிதத் தொடர்பு உரிமையின்றி 10 ஆண்டு' என்றுதான் வீட்டாரிடம் சொன்னார்கள். கேஜிபி என்ற சோவியத் உளவு அமைப்பின் 1955 உத்தரவுக்குப் பிறகு, முகாமில் நோயால் இறந்தார் என்று 1940களின் பொய்த் தேதி போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். பாட்டி வாழ்நாள் முழுக்க அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிய நாள் அந்தப் பொய்த் தேதியாகக்கூட இருக்கலாம். அடக்குமுறைக்கு ஆளானவர்களின் பெயர்களைத் திரட்டிய மெமோரியல் அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள். பின்னாளில் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டவரின் வழக்குக் கோப்பைப் பார்க்க 1991 அக்டோபர் 18 சட்டம் உறவினருக்கு உரிமை தருகிறது. கோப்பு வந்தால் இரவில் தனியாகத் திறக்காதீர்கள். பகலில், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது திறங்கள். கைதான அன்று எடுத்த படம் உள்ளே இருக்கலாம், உங்கள் பாட்டியின் சாடையோடு.