லைஃபை தடுமாறுகிறதா? முதலில் ரிசீவரைப் பாருங்கள்

காட்பாடியில் எங்கள் மாடி அறைக்கு வருடா வருடம் இறுதியாண்டுப் பிள்ளைகள் லைஃபை, அதாவது எல்இடி ஒளியை வேகமாக மினுக்கி டேட்டா அனுப்பும் ப்ராஜெக்டோடு வருவார்கள். எல்லாரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "அண்ணா, மேசை மேல நல்லா ஓடுது, ரெண்டு மீட்டர் தள்ளி வெச்சா டேட்டா குப்பையா வருது." உடனே பெரிய வாட் எல்இடி வாங்கி மாட்டுவார்கள். வேண்டாம். பெரிய சிப்புக்குக் கெபாசிடன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) அதிகம், வேகம் இன்னும் குறையும். அந்தக் காசை ரிசீவருக்குச் செலவழியுங்கள்.

முதல் எதிரி ஜன்னல். நம்ம ஊர் வெயில் பகல் பதினொரு மணிக்கு அறைக்குள் வந்தாலே ரிசீவரில் ஒளியை மின்சாரமாக்கும் போட்டோடயோடு நிரம்பி, ஆம்ப்ளிஃபையர் உச்சத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். போன சித்திரையில் ஒரு பெண் கொண்டுவந்த போர்டு, அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் வெறும் நேர்கோடாகத்தான் தெரிந்தது. டயோடின் மேல் பக்கவாட்டில் கையை நிழலாகப் பிடித்தேன், சதுர அலை அப்படியே எழும்பி வந்தது. கறுப்பு சார்ட்டைச் சுருட்டி நான்கு சென்டிமீட்டர் குழாயாக ஒட்டினோம், அவ்வளவுதான். இந்தக் குழாய் சுவரில் பட்டு வரும் ஒளியையும் தடுக்கும். ஒளி 1 நானோ செகண்டில் 30 செ.மீ. போகிறது, 3 மீட்டர் சுற்றி வந்தால் 10 நானோ செகண்ட் தாமதம். 1 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்குப் பத்து லட்சம் பிட்) அது ஒன்றுமே இல்லை, 50 எம்பிபிஎஸ்ஸில் பாதி பிட் அளவு.

டியூப்லைட், பல்பு எல்லாம் 100 ஹெர்ட்ஸில் மினுக்கும். ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் ஒரு கெபாசிட்டரைத் தொடராகப் போட்டால் போய்விடும், ஆனால் வரிசையாக ஒன்றுகள் வந்தால் அலை சரியும், அதனால் ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் சிக்னல் மாறும் மான்செஸ்டர் கோடிங் வையுங்கள். அதற்கு இரண்டு மடங்கு பேண்ட்விட்த் தேவைப்படும், பரவாயில்லை.

சரி, வேகம். வெள்ளை எல்இடி உண்மையில் நீலச் சிப்தான். அதன் மேல் இருக்கும் மஞ்சள் பாஸ்பர் பூச்சு மெதுவாக மங்குவதால்தான் சில மெகாஹெர்ட்ஸிலேயே மூச்சு வாங்குகிறது. ரிசீவர் முன்னால் நீல ஃபில்டர் வைத்தால் அந்த மஞ்சள் வால் அறுந்துவிடும். சோதித்துப் பார்க்க வேலூர் லாங்கு பஜாரில் கிடைக்கும் நீலக் கண்ணாடித் தாள் போதும், ஆனால் அது அகச்சிவப்பையும் உள்ளே விட்டுவிடும் என்பதால் முடிவில் நல்ல கண்ணாடி ஃபில்டர் வாங்குங்கள். ஒளி ஏற்கெனவே குறைவாக இருக்கும் இடத்தில் ஃபில்டர் போட்டால் லாபத்தைவிட நஷ்டம் அதிகம், அங்கே போடாதீர்கள்.

டயோடு வாங்கும்போது கவனம். பிபிடபிள்யூ34 கேளுங்கள், பின்னால் எஃப் போட்ட கறுப்பு வகை கண்ணுக்குத் தெரியும் ஒளியையே தடுத்துவிடும், அதை வாங்கிவந்து இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிபிடபிள்யூ34-க்குத் தலைகீழாக வோல்டேஜ் கொடுங்கள், கெபாசிடன்ஸ் குறையும்: சும்மா இருக்கும்போது சுமார் 70 பிகோ ஃபேரட், 3 வோல்ட் ரிவர்ஸில் 25 பக்கம் இறங்கும். ஆம்ப்ளிஃபையர் சிப்பில் எல்எம்358 இந்த வேலைக்கு ஆகாது, அதன் கெயின் பேண்ட்விட்த்தே (பெருக்கமும் வேகமும் சேர்ந்த எல்லை) 1 மெகாஹெர்ட்ஸ் அளவுதான். ஓபிஏ380 போன்றதைப் போட்டு, அதன் வெளியீட்டை உள்ளீட்டோடு இணைக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டரை 1 மெகா ஓமிலிருந்து 10 கிலோ ஓம் பக்கம் இறக்குங்கள். சிக்னல் சிறுக்கும், ஆனால் அலையின் ஓரம் கூர்மையாகும், குறைந்ததை அடுத்த ஸ்டேஜில் பெருக்கிக்கொள்ளலாம். இதெல்லாம் பிரெட்போர்டில் செய்யாதீர்கள், சால்டர் செய்யுங்கள்.

அப்புறம் லென்ஸ். 5 செ.மீ. பூதக்கண்ணாடி, டயோடின் 7.5 சதுர மில்லிமீட்டரைப்போல இருநூறு மடங்குக்கு மேல் பரப்பில் ஒளியைச் சேர்க்கும். ஆனால் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினாலும் ஒளிப்புள்ளி டயோடை விட்டு விலகிவிடும், ஸ்டாண்டை மேசையோடு இறுக்கிவிட்டு ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். லென்ஸ் மாட்டிய ரிசீவரை ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், வெயில் குவிந்து டயோடு கருகிவிடும்.